கியர் நெம்புகோலுக்கு ஏன் பூட்டு?

குன்னூரில் நண்பர் ஒருவரின் வீட்டில் நாங்கள் மூவர் தங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய கார் புறப்பட மறுத்தது. பழைய கார், தானியங்கி கியர் கொண்டது, இரண்டாவது கைக்கு வந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. எஞ்சின் ஒழுங்காக ஓடியது. நண்பர் பிரேக்கை மிதித்துக்கொண்டு நெம்புகோலின் பொத்தானை அழுத்தி இழுத்தார். அது ‘பி’ என்ற எழுத்தில் வேரூன்றி நின்றது. ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்துப் பார்த்தோம். பலத்தால் ஆகாத காரியம் என்று உணர்ந்தபின்தான் கையேட்டைத் தேடும் எண்ணம் வந்தது. முந்தைய உரிமையாளர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் விட்டிருந்தார்.

கையேடு சொன்ன வழி எளியது. ஹேண்ட் பிரேக்கைப் போடவும், எஞ்சினை நிறுத்தவும், சாவியை முழுதும் திருப்பாமல் ரேடியோ மட்டும் பாடும் ‘ஏசிசி’ நிலையில் வைக்கவும், இப்போது நெம்புகோலை ‘என்’னுக்கு நகர்த்தி எஞ்சினை இயக்கவும். அப்படியே செய்தோம். நெம்புகோல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. இயந்திரத்தை வென்றுவிட்ட களிப்பில் தேநீர் குடித்தோம். அப்போதுதான் எங்களில் ஒருவர், பிரேக்கை மிதிக்கையில் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். எரியவில்லை. பிரேக் பெடலுக்கு மேலே, கட்டைவிரல் அளவில், ஒரு சுவிட்ச் இருக்கிறது. கால் அழுந்தியதைப் பின்விளக்குக்குச் சொல்வது அதுவே. பல கார்களில் கியர் பூட்டுக்கும் அதே செய்தியைச் சொல்வதும் அதுவே. அது கெட்டிருந்தது. அந்த மலைப்பாதையில், பின்னால் வருபவருக்கு எவ்விதக் குறிப்பும் தராமல் நண்பர் எத்தனை நாள் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை யாரும் அறியோம். கியர் பூட்டு அடம்பிடித்திராவிட்டால் மேலும் பல நாட்கள் அறியாமலே இருந்திருப்போம்.

அன்று மாலை தொடங்கிய தேடல், நாம் எதிர்பாராத திசைகளில் இட்டுச் சென்றது. தானியங்கி கியரின் பூட்டுகளை வீட்டு வாசலிலேயே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஆனால் அந்தச் சோதனைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வழக்கோ, சட்டமோ, சாவோ நிற்கிறது. எழுபது ஆண்டுக் காலம், அமெரிக்காவில், ‘பிழை மனிதனுடையதா, இயந்திரத்தினுடையதா’ என்று நடந்த ஒரு நீண்ட வாக்குவாதத்தின் எச்சங்கள் அவை.

முதலில் ‘பி’ என்ற எழுத்தே இருக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.

பெருந்தொகையில் விற்பனையான முதல் முழுத் தானியங்கி கியர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக். 1939இல் அறிவிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. கிளட்ச் பெடல் மறைந்தது. அதனுடன், நாம் அதிகம் யோசிக்காத இன்னொன்றும் மறைந்தது. கைக்கியர் காரை மேட்டில் நிறுத்துபவர், எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு கியரில் விட்டுச் செல்வார். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே இரும்புப் பிணைப்பு இருப்பதால் எஞ்சினின் இறுக்கமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கி கியரிலோ அந்தப் பிணைப்பு எண்ணெயின் அழுத்தத்தால் ஆனது. எஞ்சின் நின்றால் அழுத்தம் போய்விடும். கார் தன் பாட்டுக்கு உருளும். ஆகவே கியர்ப்பெட்டிக்குள் தனியாக ஒரு பிடிப்பு தேவைப்பட்டது. வெளிச்செல்லும் தண்டில் ஒரு பற்சக்கரம். அதன் பற்களின் இடைவெளியில் விழும் ஓர் இரும்புக் கொக்கி. அவ்வளவுதான். இன்றைய விலையுயர்ந்த கார்களிலும் இதுதான் இருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு பின்வாங்காமலிருக்க ஒரு தடையிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஹைட்ராமேட்டிக்கில் இந்தக் கொக்கி ‘ஆர்’ என்னும் பின்னோக்குக் கியருக்குள் ஒளிந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு நெம்புகோலை ‘ஆர்’ருக்குத் தள்ளினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நெம்புகோலின் வரிசை என், டி, எல், ஆர். 1948ஆம் ஆண்டு பியூக்கின் டைனாஃப்ளோ கியரில் ‘பி’ தனியிடம் பெற்றது. ஆயினும் ‘ஆர்’ கடைசியிலேயே, குறைந்த வேகத்துக்கான ‘எல்’லுக்கு அடுத்தே இருந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. சேற்றிலும் பனியிலும் சிக்கிய காரை முன்னும் பின்னுமாக ஆட்டி வெளிக்கொணர, ‘எல்’லும் ‘ஆர்’ரும் பக்கத்தில் இருப்பது வசதி. ஃபோர்டு நிறுவனத்தின் 1951ஆம் ஆண்டுக் கியரோ பி, ஆர், என், டி, எல் என்ற வரிசையில் வந்தது. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க நெம்புகோலை வலக்கோடிக்கு இழுத்துப் பழகியவர் பியூக்கில் ஏறி அப்படியே இழுத்தால், ‘எல்’லைத் தாண்டி ‘ஆர்’ருக்குப் போய்விடுவார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நெடுங்கணக்கு என்ற நிலை.

ஐம்பதுகளின் இறுதியில் வடிவமைப்பாளர்கள் நெம்புகோலையே கைவிடப் பார்த்தனர். கிரைஸ்லர் 1956ஆம் ஆண்டுக் கார்களில் தொடங்கி 1964 வரை பொத்தான்களைக் கொடுத்தது. 1958ஆம் ஆண்டின் எட்சல் காரில் கியர் பொத்தான்கள் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே, ஒலிப்பானைத் தேடிக் கை செல்லும் இடத்தில் அமைந்தன. யோசித்தவர் காரை ஓட்டிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த ஏற்பாடு அந்த ஓராண்டோடு முடிந்தது.

1965இல் வெளியான ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலை, கோர்வேர் என்ற ஒற்றைக் காரின் மீதான குற்றப்பத்திரிகையாகவே பலரும் நினைவுகொள்கின்றனர். கியர் எழுத்துகளின் இந்தக் குழப்பத்துக்கும் அதில் இடம் உண்டு. ஓட்டுநர் பதற்றத்தில் தவறான இடத்துக்கு நெம்புகோலைத் தள்ளினால் அதை ‘ஓட்டுநரின் பிழை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது அக்கால வழக்கம். அந்தப் பிழைக்கு வழிவகுத்த வரிசையை வரைந்தவர் எவரும் விசாரிக்கப்பட்டதில்லை. அமெரிக்க அரசு தான் வாங்கும் கார்களுக்கு விதித்த பாதுகாப்பு நிபந்தனைகளில் ஒரே சீரான கியர் வரிசையும் ஒன்று. 1966இல் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 102ஆம் எண் விதி, முன்னோக்குக் கியருக்கும் பின்னோக்குக் கியருக்கும் இடையே ‘என்’ இருந்தே ஆகவேண்டும் என்றது. கூடவே, நெம்புகோல் முன்னோக்கு நிலையிலோ பின்னோக்கு நிலையிலோ இருக்கும்போது ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது. இன்று உலகெங்கும் பி, ஆர், என், டி என்று ஒரு மந்திரம்போல் நிலைத்துவிட்ட வரிசை அந்தப் பின்னணியில் உறுதிப்பட்டதே.

வீட்டில் செய்யும் முதல் சோதனை இதைச் சார்ந்தது. சமதரை, முன்னும் பின்னும் வெற்றிடம், அருகில் குழந்தைகள் இல்லை, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, நெம்புகோலை ஒவ்வொரு எழுத்திலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். ‘பி’யிலும் ‘என்’னிலும் மட்டுமே எஞ்சின் உயிர்பெற வேண்டும். ‘டி’யிலோ ‘ஆர்’ரிலோ ஸ்டார்ட்டர் சுழன்றால் அந்தக் காரை அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோவது நல்லது.

சாவியும் நெம்புகோலும் உறவுகொண்ட கதை விசித்திரமானது. அது திருடனால் வந்த உறவு. சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கோ காரின் சுய நகர்வோ பூட்டப்பட வேண்டும் என்ற 114ஆம் எண் விதி 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தபோது, அதன் நோக்கம் களவைத் தடுப்பது. களவாடிய காரை வெறிவேகத்தில் ஓட்டி இடிப்பவர்கள் மிகுதி என்பதால் அது பாதுகாப்பு விதிகளுக்குள் வந்தது. அதே சாவிப்பூட்டு பிற்காலத்தில் குழந்தைகளின் உயிர்காக்கும் பூட்டாக மாறப்போகிறது என்பதை எழுதியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

எழுபதுகளில் வந்த பெரும் வழக்கு ஃபோர்டு கார்களைப் பற்றியது. புகார்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுநர் ‘பி’யில் வைத்துவிட்டு இறங்குவார், வாயிற்கதவைத் திறக்கவோ, பின்பெட்டியிலிருந்து பொருளை எடுக்கவோ. சில நொடிகளோ சில நிமிடங்களோ கழித்துக் கார் தானே ‘ஆர்’ருக்குத் தாவிப் பின்னால் வரும். பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஓட்டுநரே, அல்லது அவர் வீட்டார்.

விளக்கம் கொக்கியில் இருந்தது. நெம்புகோல் ‘பி’க்கும் ‘ஆர்’ருக்கும் இடையே ஒரு மேட்டில் அமர்ந்துவிடக் கூடும். கைக்கு அது ‘பி’யாகவே தோன்றும், கண்ணுக்கும் முள் ஏறக்குறைய ‘பி’யையே காட்டும், ஆனால் கொக்கி பல்லில் விழுந்திராது. கதவைச் சாத்தும் அதிர்வோ எஞ்சினின் நடுக்கமோ போதும், நெம்புகோல் மேட்டிலிருந்து வழுக்கி ‘ஆர்’ருக்குப் போக. நிறுவனம், ஓட்டுநர்கள் முழுமையாகப் ‘பி’யில் வைக்கவில்லை என்றது. அது உண்மையும்கூட. ஆனால் முழுமையாக வைத்ததுபோன்ற உணர்வைத் தந்தது எது என்ற எதிர்க்கேள்வியும் உண்மையானதே.

அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்து குவிந்த புகார்கள் ஏறத்தாழ 23,000. மரணங்களின் எண்ணிக்கை நூற்றை ஒட்டியது. 1980 ஜூனில் நிர்வாகம், குறைபாடு உண்டு என்ற ஆரம்ப முடிவை வெளியிட்டது. 1966 முதல் 1980 வரையிலான சுமார் 2.3 கோடி வண்டிகள் அதற்குள் வந்தன. அத்தனை வண்டிகளையும் திரும்ப அழைத்துச் செப்பனிட்டிருந்தால் அது வரலாறு காணாத திரும்பப் பெறலாக இருந்திருக்கும். நடந்தது வேறு. கார்ட்டர் ஆட்சியின் இறுதி வாரங்களில், 1980 டிசம்பரில், ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் ஓர் ஒட்டுச்சீட்டு வரும். அதைக் காரின் முன்பலகையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இறங்குமுன் நெம்புகோல் முழுமையாகப் ‘பி’யில் இருக்கிறதா என்று பார்க்கவும், ஹேண்ட் பிரேக்கை முழுதும் போடவும், எஞ்சினை நிறுத்தவும் அது அறிவுறுத்தியது. இரும்பில் செய்யவேண்டிய திருத்தம் பசைத்தாளில் செய்யப்பட்டது. அந்தச் சீட்டை எத்தனை பேர் ஒட்டியிருப்பார்கள்? இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் மாறிய கார்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்குமா? உறை பிரிக்கப்படாத எங்கள் நண்பரின் கையேடு இங்கே நினைவுக்கு வருகிறது.

‘பி’யில் வைத்தபின் நெம்புகோலை மெல்ல ‘ஆர்’ரின் பக்கம் அசைத்துப் பார்ப்பது, அந்த ஒட்டுச்சீட்டைவிடப் பயனுள்ள பழக்கம். பொத்தானை அழுத்தாமல் அது நகரக் கூடாது.

கொக்கியைச் சோதிக்க லேசான சரிவு வேண்டும். ஒருவர் இருக்கையில் இருக்க, மற்றவர் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்து, ‘பி’யில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுக் கால் பிரேக்கை மெதுவாக விட வேண்டும். கார் சற்றே நகர்ந்து ‘டக்’கென்று நிற்கும். பல்லின் தலையில் அமர்ந்திருந்த கொக்கி இடைவெளியில் விழும் ஓசை அது. நகராமலேயே நின்றாலும் நல்லதுதான். கரகரவென்று அரைத்தபடி உருண்டால் கால் உடனே பிரேக்குக்குப் போக வேண்டும். நாள்தோறும் காரின் முழுப் பாரத்தையும் அந்தச் சிறு கொக்கியில் தொங்கவிடுவது சரியன்று. மேட்டில் நிறுத்துகையில் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு ‘பி’. ஒன்றையும் சொல்லிவைக்கிறோம்: டயர் மாற்றுவதற்காக எஞ்சினால் இயங்கும் சக்கரங்களில் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ‘பி’யின் பிடி பெரும்பாலான கார்களில் போய்விடும். தரையில் உள்ள சக்கரம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று ஈடுகட்டும். கட்டை கொடுக்காமல் ஜாக்கி வைப்பவர்கள் இதை அறிவதில்லை.

பிரேக்குக்கும் நெம்புகோலுக்கும் இடையிலான பூட்டு, அதாவது எங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து நிறுத்திய பூட்டு, பரவலானது ஆவுடி கார் விவகாரத்தால். இந்த வரலாற்றில் நம்மை அதிகம் யோசிக்க வைத்த பகுதியும் இதுதான்.

அமெரிக்காவில் ஆவுடி 5000 என்ற பெயரில் விற்ற கார், உரிமையாளர்கள் சொன்னபடி, நிலையிலிருந்து திடீரெனப் பாய்ந்தது. ‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’ருக்கோ மாற்றியதும் எஞ்சின் அலறியது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தும் நிற்கவில்லை, கொட்டகைச் சுவரை உடைத்தது, ஆட்களை நசுக்கியது. 1986 நவம்பர் 23 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியது. தம் பிள்ளையை இழந்த தாயின் கண்ணீரை அதில் நாடே பார்த்தது. பெடல் தானே கீழிறங்கி எஞ்சின் சீறும் ஒரு காட்சியும் வந்தது. அந்தக் காட்சிக்காகக் கியர்ப்பெட்டியில் துளையிட்டு வெளியிலிருந்து காற்றழுத்தம் செலுத்தப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. நிறுவனமோ, ஓட்டுநர்கள் பிரேக் என நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தனர் என்றது. தொழில்நுட்ப அளவில் சரியாக இருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை, பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முகத்துக்கு நேரே சொன்ன விதத்தில் அந்நிறுவனம் வாடிக்கையாளர்களை இழந்தது. 1985இல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார்கள் விற்ற ஆவுடி, 1991இல் விற்றது சுமார் 12,000.

1989இல் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வறிக்கை வந்தது. பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் கால் பெடல் மாறியதே என்றது அது. கனடாவிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளும் அதையே கூறின. ஆனால் அமெரிக்க அறிக்கை அங்கே நிற்கவில்லை. எஞ்சினின் மந்தவேகத்தைச் சீராக்கும் கருவியின் கோளாறால் சிறு உந்தல் நிகழ்ந்திருக்கலாம். அது ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம். அமெரிக்கக் கார்களில் பழகிய கால்களுக்கு இந்தக் காரின் பெடல்கள் அமைந்த விதமும் தவறுக்கு இடம் தந்திருக்கலாம் என்றும் கண்டது. திடுக்கிட்டவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். தாம் மிதிப்பது பிரேக் என்றே நம்புகிறவருக்கு, வண்டி நிற்காத ஒவ்வொரு நொடியும் பிரேக் கெட்டுவிட்டது என்பதற்கான சாட்சி. அவர்கள் பொய் சொல்லவில்லை. தம் கால் எங்கே இருந்தது என்பதை அறியாதிருந்தார்கள். நம்மில் யார்தான் காலைப் பார்த்துக்கொண்டு காரோட்டுகிறோம்?

அறிக்கை வருவதற்கு முன்பே, 1987 ஜனவரியில், ஆவுடி சுமார் இரண்டரை லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து ஒரு பூட்டைப் பொருத்தத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தாலன்றி நெம்புகோல் ‘பி’யை விட்டு நகராது. விபத்துகள் பெரும்பாலும் ‘பி’யிலிருந்து நகர்த்தும் அந்த நொடியில் நிகழ்ந்தவை, அந்த நொடியில் கால் பிரேக்கின்மேல் இருக்கிறது என்பதை இயந்திரமே உறுதிசெய்துகொள்ளும். புகார்கள் குறைந்தன. பிழை யாருடையது என்ற கேள்விக்கு இந்தப் பூட்டு விடை சொல்லவில்லை. இருதரப்பும் தத்தம் வாதத்தை இறுதிவரை விடவில்லை. அந்தத் தீராத வழக்கின் நடுவே, கெட்டிக்காரப் பஞ்சாயத்தாரைப்போல், அது ஒரு சிறு ஆணியை இறக்கிவைத்து அடுத்த விபத்தைத் தடுத்தது. எண்பதுகளின் பாதுகாப்புப் பொறியியலில் இவ்வளவு சிறிய பொருளால் இவ்வளவு பயன் விளைந்த வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

அடுத்து வருபவர்கள் குழந்தைகள். காரில் தனியே விடப்பட்ட பிள்ளை நெம்புகோலை இழுக்கிறது. சரிவில் கார் உருள்கிறது. இதனைக் கருதி 1990இல் 114ஆம் விதி திருத்தப்பட்டு, 1992 செப்டம்பர் முதல், ‘பி’யில் பூட்டினாலன்றிச் சாவியை எடுக்க முடியாது என்றானது. திருடனுக்குச் செய்த பூட்டு பிள்ளைக்கு வேலி ஆயிற்று. பழுதான நேரத்தில் பூட்டை மீறுவதற்கு ஒரு வழியையும் அவ்விதி அனுமதித்தது. அதன் வாசகத்தில் ஸ்குரூடிரைவருக்கும் இடம் உண்டு. மீறும் துளையை வெளியே தெரியாத மூடியால் மறைத்திருக்க வேண்டும், கருவியின் உதவியின்றி மூடியைத் திறக்க முடியாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல கார்களில் நெம்புகோலின் அடியில் நகத்தளவு மூடி ஒன்று இருப்பதன் காரணம் இதுவே.

ஆனால் ஒரு துவாரம் மிச்சமிருந்தது. பெற்றோர் பாட்டுக் கேட்பதற்காகச் சாவியை ‘ஏசிசி’யில் விட்டுவிட்டுச் சென்றால்? பல கார்களில் பிரேக்-கியர் பூட்டுக்கு மின்சாரம் அந்நிலையில் போகாது. நெம்புகோல் கட்டவிழ்ந்து நிற்கும். 2006இல் கார் நிறுவனங்கள் இதை அடைக்கத் தாமே ஒப்புக்கொண்டன. 2008 பிப்ரவரியில் கையெழுத்தான, பின்னோக்கி வந்த காரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம், அதைக் கட்டாயமாக்கியது. 2010 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில், சாவி எந்த நிலையில் இருந்தாலும், பிரேக்கை மிதிக்காமல் ‘பி’யை விட்டு நகர முடியாது.

இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. அன்று காலை எங்களை விடுவித்த ‘ஏசிசி’ உபாயமும் இந்தத் துவாரமும் ஒன்றே.

இந்தியாவின் கதை தனி. 2014இல் மாருதியின் செலேரியோ காருடன் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகைக் கியர், உள்ளே கைக்கியர்ப்பெட்டியேதான்; கிளட்சையும் கியரையும் மோட்டார்கள் இயக்குகின்றன. அதன் நெம்புகோலில் பொதுவாக ‘பி’ இல்லை. ‘டி’யிலோ ‘ஆர்’ரிலோ விட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும். 1940இன் ஓல்ட்ஸ்மொபைல் உரிமையாளருக்கு இந்தப் பழக்கம் அந்நியமாக இருந்திராது. இவற்றில் பார்க்க வேண்டியது, ‘என்’னில் பிரேக்கை மிதித்தால் மட்டுமே எஞ்சின் எழுகிறதா என்பதும், ஹேண்ட் பிரேக்கின் பிடியும்.

அண்மைக் காலத்தில் நெம்புகோல் மின்கருவியாகிவிட்டது. தள்ளினால் குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டுத் தன் பழைய இடத்துக்கே திரும்பும் வகை ஒன்று உண்டு. எந்தக் கியர் என்பதைக் கைக்குச் சொல்லாது, விளக்கெழுத்து மட்டுமே சொல்லும். சாவியும் சட்டைப்பைக்குள் போய்விட்டதால், ‘பி’யில் வைக்காவிட்டால் சாவி வராது என்ற 1992இன் தடை பல கார்களில் வெறும் எச்சரிக்கை ஒலியாகவும் விளக்காகவும் தேய்ந்தது. ‘பி’யில் வைத்துவிட்டதாக எண்ணி இறங்கியவர்கள்மேல் கார் உருண்ட சம்பவங்களால் ஃபியட் கிரைஸ்லர் 2016 ஏப்ரலில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று, ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் நடித்த அன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுச் சரிவுப் பாதையில், தம் ஜீப்புக்கும் செங்கல் தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். வயது 27. திரும்ப அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்த வண்டி அது. பிரேக்-கியர் பூட்டு ‘பி’யை விட்டு வெளியேறுவதைக் காவல்காப்பது; ‘பி’க்கு வந்து சேராததை அது எப்படிக் காக்கும்? எழுபதுகளின் பொய்யான ‘பி’ வேறு உருவில் திரும்பியிருந்தது. இத்தகைய காரில் வீட்டுச் சோதனை ஒன்றே: எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சின் நின்றுவிட்டதை உறுதிசெய்தபின் கதவைத் திறப்பது.

பிரேக் சுவிட்சை மாற்ற மறுநாள் ஆள் வந்தார். அரைமணி நேர வேலை. பின்விளக்கு எரிந்தது, பூட்டு பிரேக்குக்குப் பணிந்தது. வீட்டுக்கு முன்னுள்ள சரிவில் கட்டை வைத்துக் கொக்கியையும் சோதித்தோம். கார் விரற்கடை நகர்ந்து ‘டக்’கென்று நின்றது. ‘டி’யில் ஸ்டார்ட்டர் மௌனம் காத்தது. ‘ஆர்’ரில் சாவி வெளிவர மறுத்தது. கடைசியாக நண்பர் சாவியை ‘ஏசிசி’யில் வைத்துவிட்டு, பிரேக்கை மிதிக்காமல், இரண்டு விரல்களால் நெம்புகோலை இழுத்தார். அது வந்தது.

அவருடைய ஐந்து வயது மகளுக்கு அந்தக் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது மிகவும் பிடிக்கும். நண்பர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கூடத்து அலமாரியின் மேல்தட்டில், நாற்காலி போட்டு ஏறினாலும் அவளுக்கு எட்டாத இடத்தில், ஓர் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.